மோட்டார் பெட்டிகளுக்கு அம்ச மரம் வரைவது எப்படி

கோவையில் விவசாய மோட்டார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு நிரல் எழுதுவது என் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரியான இரும்புப் பெட்டிகள்தான். உள்ளே ஒருமுனை அல்லது மும்முனை, டி.ஓ.எல். (முழு மின்னழுத்தத்தில் நேரடியாக மோட்டாரைத் தொடங்குவது) அல்லது ஸ்டார்-டெல்டா (குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கி முழு அழுத்தத்துக்கு மாற்றுவது), செல்பேசியில் இயக்கும் வசதி உண்டு அல்லது இல்லை. இப்படிப் பத்துக் கேள்விகள் இருந்தால், கணக்குப்படி 1,024 வகைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் நிரலை நகலெடுத்துத் திருத்தும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு தாளில் அம்ச மரம் வரையுங்கள், அதாவது பெட்டியின் வசதிகளை (அம்சங்களை) கிளைகளாகக் காட்டும் படம். மேலே 'மோட்டார் பெட்டி'. அதன் கிளைகளில் எது கட்டாயம், எது விருப்பம், எவற்றில் ஒன்றை மட்டுமே எடுக்கலாம் என்று குறியுங்கள். 1990-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை காட்டிய முறை இது, இன்றும் போதுமானது.

ஆனால் நிரலின் அம்சங்களை மட்டும் எழுதினால் பாதி விதிகள் கண்ணில் படாது. கிணற்றையும் மரத்தில் ஏற்றுங்கள். ஸ்டார்-டெல்டா வேண்டுமானால் மோட்டாரிலிருந்து ஆறு கம்பிகள் மேலே வர வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் மூன்று கம்பிக் கேபிள் மட்டும் இறங்கியிருந்தால், பெட்டிக்குள் எத்தனை கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்தாலும் பயனில்லை. எனவே 'ஸ்டார்-டெல்டா எடுத்தால் ஆறு கம்பி கட்டாயம்' என்பது மரத்தின் ஒரு விதி. நிரலில் எங்கு தேடினாலும் அது கிடைக்காது.

இரண்டு அம்சங்கள் சேருமிடத்தில் நிறைய நேரம் செலவிடுங்கள். கிணற்றில் நீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைக் கண்டதும் பெட்டி மோட்டாரை நிறுத்தும். இது ஓர் அம்சம். மின்சாரம் போய்த் திரும்பினால் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். இது இன்னொன்று. தனித்தனியாகச் சோதித்தபோது இரண்டும் சரியாக இருந்தன. ஒரு கோடையில், நீர் வற்றியதால் நின்ற மோட்டாரை, அடுத்தடுத்து வந்த மின்வெட்டுகள் திரும்பத் திரும்ப ஓட வைத்தன. ஏன் நின்றது என்ற நினைவு மின்சாரத்தோடு அழிந்துபோயிருந்தது. நீர்மூழ்கி மோட்டாரின் தாங்கிகளுக்கு நீர்தான் உயவு. அவை தேய்ந்து, மோட்டாரும் எரிந்துவிட்டது. மேலே தூக்கிய மோட்டாரின் கருகிய வாடையும், பக்கத்தில் வாடி நின்ற வாழையும் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்று எழுதிய விதி: இந்த இரண்டையும் சேர்த்து எடுத்தால், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமும், கிணறு ஊறும் வரை காத்திருக்கும் நேரக்கணிப்பானும் கட்டாயம்.

அடுத்து, ஒவ்வொரு தேர்வும் எப்போது முடிவாகிறது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்டார்-டெல்டாவா என்பது பெட்டி பூட்டும்போது முடிவாகும். ஆம்பியர் வரம்பை எலக்ட்ரீஷியன் கிணற்றடியில் அமைப்பார். மின்சாரம் மும்முனையிலும் வருகிறதா, ஒரு முனை போய் இருமுனையில் மட்டும் வருகிறதா என்பது ஓடும்போதே மாறலாம். இந்த மூன்றையும் நிரலில் ஒரே மாதிரி நிபந்தனையாக எழுதிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

மரம் வளர்ந்ததும் 'ஃபீச்சர்ஐடிஇ' போன்ற இலவசக் கருவியில் ஏற்றுங்கள். எந்தப் பெட்டியிலும் வர முடியாத அம்சத்தையும், ஒன்றையொன்று மறுக்கும் விதிகளையும் அது காட்டிவிடும். எல்லா வகைகளையும் சோதிக்க நேரம் இருக்காது. எந்த இரண்டு அம்சங்களை எடுத்தாலும் அவை ஒரு முறையாவது சேர்ந்து வரும்படி சில பெட்டிகளைத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள்.

பிறகு மரத்தை அச்செடுத்து, கிணற்றில் மோட்டார் இறக்குபவரிடம் காட்டுங்கள். எங்கள் தாளைப் பார்த்த அண்ணன் ஒருவர், "கபாசிட்டர் வைத்து ரெண்டு முனையில் ஓட்டுகிறவர்களுக்கு இது நின்றுவிடுமே?" என்று கேட்டார். ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் காப்பு எங்கள் மரத்தில் கட்டாயக் கிளையாக இருந்தது. இருமுனை ஓட்டத்தின்போது அது விலகி நிற்க வேண்டும் என்ற விதியை அவர் எதிரிலேயே எழுதிச் சேர்த்தோம்.