பழைய மேக்கில் சிவிலைசேஷன் 4

2019-இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினா, சிவிலைசேஷன் 4 போன்ற பழைய 32 பிட் கேம்களுக்குக் கதவை மூடிவிட்டது, அவற்றை ஓட்டும் பதிப்பில் அதற்கு முந்தைய மொஜாவேதான் கடைசி. அதற்குத் தோதானது ரெட்டினா இல்லாத 2012 மாடல் 13 அங்குல மேக்புக் ப்ரோ.

அடிமூடியில் 10 ஸ்க்ரூ, அதில் மூன்று நீளம். இடம் மாறினால் மூடி உட்காராது. முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன். பழைய டிஸ்க்குக்குப் பதில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட டோர்க்ஸ் டி6 என்ற நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ராம் இரண்டு 8 ஜிபி, டிடிஆர்3எல் 1600 ரகம். ஆப்பிள் கணக்கில் உச்சவரம்பு மொத்தம் 8 ஜிபிதான், ஆனால் 16 தாராளமாக எடுக்கும்.

புது எஸ்எஸ்டியிலும் மேக் திணறி, திரையில் வண்ணப்பந்து சுற்றிக்கொண்டே இருந்தால் எஸ்எஸ்டியைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் காரணம், அதை போர்டோடு இணைக்கும் இந்த மாடலின் நோஞ்சான் சாட்டா கேபிள்தான். எஸ்எஸ்டியை வெளி யூஎஸ்பி பெட்டியில் போட்டு பூட் செய்யுங்கள்; ஒழுங்காக ஓடினால் கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

நெல்லை வெயிலுக்கும் புழுதிக்கும் ஃபேனையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு.