ஆய்வுக் கப்பல் வரைய உட்காரும் முன்

மும்பையில் எங்கள் டிசைன் ஆபீசுக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள், ஆய்வுக் கப்பல் என்றதும் நீளம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். அது அப்புறம். எதைக் கடலில் இறக்குவீர்கள், எந்தப் பக்கமாக இறக்குவீர்கள் என்று முதலில் விஞ்ஞானிகளிடம் கேளுங்கள்.

உப்பு, வெப்பம், ஆழம் அளந்து நீர் மாதிரியும் எடுக்கும் சிடிடி கருவிக்கு நடுக்கப்பலின் பக்கவாட்டுதான் இடம். முன்பின் ஆட்டம் அங்கே குறைவு. ஈர ஆய்வகம் அதை ஒட்டியே இருக்கட்டும். வலை, மிதவை எல்லாம் பின்தளத்து ஏ-ஃபிரேம் (A வடிவத் தூக்குச் சட்டம்) வழியாகப் போகும்.

பெரிய தலைவலி சத்தம். கடலடியிலிருந்து வரும் மெல்லிய எதிரொலியை ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் கேட்டாக வேண்டும். டீசல்-எலக்ட்ரிக் எடுங்கள்: ஜெனரேட்டர்களை அதிர்வு தாங்கும் மவுண்ட் மேல் உட்கார வையுங்கள், புரொப்பெல்லரை மோட்டார் சுழற்றட்டும். மீன்வள ஆய்வு என்றால் 11 நாட் வேகம் வரை கப்பல் நீருக்கடியில் எழுப்பும் சத்தம் ஐசிஇஎஸ் 209 என்ற சர்வதேச வரம்புக்குள் நிற்க வேண்டும். செலவு ஏறும், ஏறட்டும்.

சத்தத்தை அடக்கினாலும் குமிழி விடாது. முகப்பு அலையில் விழும்போது காற்று அடிப்பக்கமாக குமிழியாக ஓடிவந்து டிரான்ஸ்டியூசரை (எக்கோ சவுண்டரின் ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) மூடும்; திரையில் கடலடிக் கோடு விட்டுவிட்டுத் தெரியும். டிரான்ஸ்டியூசரை கோண்டோலாவிலோ (கப்பலடியில் தொங்கும் கூடு), இறக்கி ஏற்றும் கீலிலோ (அடித்தண்டு) வைத்துக் குமிழிப் பாதைக்குக் கீழே கொண்டுபோங்கள். கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் முகப்புத் திரஸ்டரின் துளையும் குமிழி கிளப்பும், அதற்கு நேர் பின்னால் வேண்டாம். சிறு மாதிரிக் கப்பலை ஓட்டிப் பார்க்கும் மாடல் டேங்கில் நீரோட்டக் கோடுகளைப் பார்க்காமல் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

ஒரே இடத்தில் நிற்க, திரஸ்டர்களைக் கணினியே இயக்கும் டைனமிக் பொசிஷனிங் வேண்டும். நம் நாட்டு ஆய்வுக் கப்பல் ‘சாகர் நிதி’யில் அது இருக்கிறது. காற்று மாதிரிக் குழாயை முகப்பில், புகைபோக்கிக்கு எட்டாமல் வையுங்கள்.