பைபாஸ் டேம்பர்: கணக்குப் போட்டு வாங்குவதும் சரியாகப் பொருத்துவதும்

டக்ட் எனப்படும் காற்றுக் குழாய் வழியாக அறைகளுக்குக் குளிர்காற்று அனுப்பும் ஒரே டக்டபிள் ஏ.சி. யூனிட்டை வைத்து வீட்டையோ கிளினிக்கையோ இரண்டு மூன்று ஜோனாக (தனித்தனியாகக் குளிரவைக்கும் பகுதியாக) பிரிக்கிறீர்கள். ஒவ்வொரு ஜோனுக்கும் ஒரு தெர்மோஸ்டாட், டக்டில் ஒரு மோட்டார் டேம்பர் (காற்றைத் திறந்து மூடும் கதவு). குளிர்ந்துவிட்ட அறையின் டேம்பர் மூடிக்கொள்ளும். ஆனால் ஃபேன் பழைய வேகத்திலேயே சுற்றும். இரண்டு ஜோன் மூடிவிட்டால் அவ்வளவு காற்றும் மிச்சமிருக்கும் ஒரே அறைக்குள் போகப் பார்க்கும். கிரில் (அறைக்குள் காற்று வரும் வாய்) விசிலடிக்கும், டக்ட் மூட்டுகள் கசியும், காயில் (யூனிட்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் பகுதி) மேல் ஓடும் காற்று குறைந்து ஐஸ் பிடிக்கும். அந்த உபரிக் காற்றை, அறைகளுக்குக் காற்று போகும் சப்ளை பக்கத்திலிருந்து, யூனிட்டுக்குக் காற்று திரும்பி வரும் ரிட்டர்னுக்குத் திருப்பிவிடும் கதவுதான் பைபாஸ் டேம்பர்.

அதற்கு ஒரு விலை உண்டு. திரும்பிப் போவது 13 டிகிரி காற்று. அது 24 டிகிரி ரிட்டர்ன் காற்றோடு கலந்து, காயிலுக்குள் நுழையும் காற்றையே குளிரவைக்கிறது. பைபாஸில் 25 சதவீதம் போனால் கலவை சுமார் 21 டிகிரி. 55 சதவீதம் போனால் 18 டிகிரி. 18-ல் நுழையும் காற்று இன்னும் குளிர்ந்து வெளிவரும், அதுவே மறுபடி கலக்கும், இப்படியே இறங்கி காயில் உறைந்துவிடும். எனவே பைபாஸை எவ்வளவு சிறியதாக வைக்க முடியும் என்பதுதான் முதல் கேள்வி. மொத்தக் காற்றில் 30 சதவீதத்தைத் தாண்டினால் டேம்பர் வாங்கப் போகாதீர்கள், ஜோன் பிரிப்பைத் திருத்துங்கள்.

உங்கள் யூனிட் இன்வெர்ட்டர் வகையாக இருந்து, ஜோன் மூடும்போது ஃபேன் வேகமும் தானாகக் குறையுமானால் பைபாஸே தேவைப்படாமல் போகலாம். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

படி 1: காற்றுக் கணக்கு

யூனிட்டின் காற்றளவு அதன் கையேட்டில் இருக்கும். கிடைக்காவிட்டால் ஒரு டன்னுக்கு 400 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று எடுத்துக்கொள்ளலாம். புதுச்சேரியில் ஒரு விடுதியின் மாடித்தளத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 5.5 டன் யூனிட், 2200 சி.எஃப்.எம். ஹாலுக்கு 1000, இரண்டு படுக்கையறைக்கும் தலா 600.

மூன்றையும் தனித்தனி ஜோனாக்கினால், இரவில் ஒரே அறை மட்டும் திறந்திருக்கும் நேரம்தான் மோசமானது. அந்த அறை தன் பங்கைவிட 25 சதவீதம் கூடுதலாக, 750 வரை தொந்தரவில்லாமல் வாங்கும். மூடிய ஜோன்களை முழுக்க மூடாமல் 15 சதவீதக் காற்று போகும்படி நிறுத்தினால் ஹால் 150, அடுத்த அறை 90. மீதி 1210. இது மொத்தத்தில் 55 சதவீதம். வேண்டாம்.

இரண்டு படுக்கையறைகளையும் ஒரே ஜோனாக்குங்கள். இப்போது ஹால் மட்டும் திறந்திருக்கும் நேரம்தான் மோசமானது. ஹால் 1250 வாங்கும். அறைகளுக்குக் குறைந்தபட்சம் 25 சதவீதம் விட்டால் 300. மீதி 650, அதாவது 30 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அறைகள் மட்டும் திறந்திருக்கும்போது அவை 1500 வாங்கும், ஹாலுக்கு 150 போகும், மீதி 550 தான். ஆகவே டேம்பரை 650-க்குத் தேர்ந்தெடுக்கிறோம்.

இங்கே ஒரு விஷயம். டேம்பர் பிளேடு 25 சதவீதம் திறந்திருந்தால் காற்றும் 25 சதவீதம் போகும் என்று நினைக்காதீர்கள். கிரில்லில் அனிமோமீட்டர் (காற்றின் வேகம் அளக்கும் கருவி) வைத்து அளந்துதான் ஸ்டாப்பரை (பிளேடு முழுக்க மூடாமல் தடுப்பதை) நிறுத்த வேண்டும்.

விருந்தினர்கள் ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகத்தான் கேட்பார்கள் என்றால், அந்த அறைகளுக்குத் தனி ஸ்பிளிட் போடுவதே நேர்மையான பதில். பெரிய பைபாஸ் அதற்கு மாற்றாகாது.

படி 2: அளவும் வகையும்

பைபாஸ் டக்டில் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 1000 அடியைத் தாண்டாமல் இருந்தால் சத்தம் அடங்கியிருக்கும். அந்த வேகத்தில் 8 இஞ்ச் வட்டக் குழாய் சுமார் 350 சி.எஃப்.எம். கடத்தும். 10 இஞ்ச் 545, 12 இஞ்ச் 785, 14 இஞ்ச் 1070. நமக்கு வேண்டியது 650 என்பதால் 12 இஞ்ச். 10 இஞ்ச் போட்டால் வேகம் 1190-க்குப் போய் இரைச்சல் படுக்கையறை வரை கேட்கும்.

12 இஞ்ச் குழாயும் சுற்றி 19 மி.மீ. இன்சுலேஷனும் சேர்ந்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் கிட்டத்தட்ட 35 செ.மீ. இடம் கேட்கும். அவ்வளவு இடமில்லாவிட்டால் 16க்கு 8 இஞ்ச் செவ்வக டக்ட் போடலாம். டேம்பரையும் அதே வடிவில் வாங்க வேண்டும்.

வகை இரண்டு. எடைக்கட்டி வைத்த டேம்பருக்கு மின்சாரம் வேண்டாம். அழுத்தம் ஏறினால் பிளேடு தானாகத் தள்ளித் திறக்கும், இறங்கினால் எடை மூடிவிடும். மோட்டார் வகை, சப்ளை பிளீனத்தில் (யூனிட்டிலிருந்து காற்று முதலில் வந்து சேரும் பெட்டி) உள்ள ஸ்டாட்டிக் பிரஷர் (காற்றழுத்த) சென்சாரைப் பார்த்துத் திறக்கும். 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் கன்ட்ரோலரும் சேர்ந்து வரும். இரண்டு மூன்று ஜோன் உள்ள சாதாரண வேலைக்கு எடை வகை போதும். நான்குக்கு மேல் ஜோன் இருந்தாலோ, டேம்பர் கை எட்டாத இடத்தில் இருந்தாலோ மோட்டார் வகை வாங்குங்கள்.

எந்த வகையானாலும் ஸ்பிண்டிலை (பிளேடு சுழலும் அச்சு) பார்த்து வாங்குங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலை, கடலூர் தேவனாம்பட்டினம் பக்கமெல்லாம் உப்புக்காற்று. சாதாரண இரும்பு ஸ்பிண்டில் துருப்பிடித்து இறுகிவிட்டால் எடை டேம்பர் நின்ற இடத்திலேயே நிற்கும், அதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிண்டில், பித்தளை அல்லது நைலான் புஷ் (ஸ்பிண்டில் சுழலும் வளையம்) இருக்கட்டும்.

படி 3: இடம்

பைபாஸ், சப்ளை பிளீனத்திலிருந்து முதல் ஜோன் டேம்பருக்கு முன்னால் கிளம்ப வேண்டும். ஃபேன் வாயை ஒட்டி எடுக்காதீர்கள், அங்கே காற்று சுழன்றுகொண்டிருக்கும். ரிட்டர்ன் பக்கத்தில், யூனிட்டிலிருந்து குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, ஃபில்டருக்கு முன்னால் சேருங்கள். காயிலுக்கு நேர் எதிரே கொண்டுபோய் விட்டால் குளிர்காற்று கலக்காமல் காயிலின் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்து, அந்தப் பக்கம் முதலில் ஐஸ் கட்டும்.

நம் ஊரில் பல இடங்களில் ரிட்டர்னுக்குத் தனி டக்ட் இருக்காது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உள்ள வெற்றிடமே ரிட்டர்னாக ஓடும். அங்கே பைபாஸைத் திறந்தவெளியில் விட்டுவிடும் பழக்கம் உண்டு. மதியம் 33 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 27 டிகிரிக்கு அருகே வந்துவிடும். வெளிக்காற்று கசிந்து வரும் சீலிங்கில் 13 டிகிரி காற்று பட்ட கம்பியும் குழாயும் வியர்க்கும். சில நாளில் ஜிப்சம் பலகையில் மஞ்சள் கறை தெரியும். யூனிட்டின் ரிட்டர்ன் வாயில் ஒரு பெட்டி அடித்து, பைபாஸை அதற்குள் டக்ட் வழியாகவே கொண்டுபோங்கள். பெட்டியின் நீளமும் மேலே சொன்ன ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

படி 4: பொருத்துதல்

3 மீட்டர் பைபாஸுக்கு வேண்டியவை: 12 இஞ்ச் பைபாஸ் டேம்பர் ஒன்று, 12 இஞ்ச் கை டேம்பர் (கையால் திருப்பி நிறுத்துவது) ஒன்று, காலர் (குழாயைப் பெட்டியோடு இணைக்கும் வளையம்) இரண்டு, 24 கேஜ் ஜி.ஐ. வட்ட டக்ட் 3 மீட்டர், 19 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட் 4 சதுர மீட்டர், அதற்கான பசை, 2 இஞ்ச் அலுமினியம் ஃபாயில் டேப் இரண்டு ரோல், டக்ட் சீலன்ட், முக்கால் இஞ்ச் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ. பைபாஸுக்கு ஃப்ளெக்ஸிபிள் டக்ட் வேண்டாம். அது தொய்ந்து மடங்கி அளவைக் கெடுத்துவிடும்.

1. மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி பூட்டுங்கள்.

2. காலரைப் பிளீனத்தின் மேல் வைத்துக் குறித்து, ஓட்டையைக் கோட்டுக்கு உள்பக்கமாக வெட்டுங்கள். பெரிதாக வெட்டிவிட்டால் சீலன்ட் தாங்காது. தகட்டு ஓரம் விரலைக் கிழிக்கும், கையுறை போடாமல் தொடாதீர்கள்.

3. காலரைப் பொருத்தி, 10 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ அடித்து, சுற்றிலும் சீலன்ட் பூசுங்கள். ரிட்டர்ன் பக்கமும் அப்படியே.

4. டேம்பரின் அம்புக்குறி சப்ளையிலிருந்து ரிட்டர்னை நோக்கி இருக்க வேண்டும். எடை டேம்பர் என்றால் ஸ்பிண்டில் ரசமட்டத்துக்குச் சரியாகப் படுத்திருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் எடை தன் வேலையைச் செய்யாது. எடைக் கை முழுச் சுற்றுக்கும் தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள்.

5. பைபாஸ் டேம்பருக்கு அடுத்து கை டேம்பரைப் போடுங்கள்.

6. சீலன்ட் காய்ந்தபின் ரப்பர் ஷீட்டைச் சுற்றி ஒட்டி, மூட்டு முழுவதும் ஃபாயில் டேப் போடுங்கள். எடைக் கையில் ஷீட் உரசக் கூடாது. பைபாஸ் வேலை செய்யவில்லை என்று வரும் புகாரில் இந்த உரசலை முதலில் சந்தேகியுங்கள்.

7. டேம்பருக்கு நேர் கீழே சீலிங்கில் 45 செ.மீ. சதுரக் கதவு வையுங்கள்.

படி 5: செட் செய்தல்

இந்த வேலைக்கு மேனோமீட்டர் (காற்றழுத்தம் அளக்கும் கருவி) வேண்டும். சப்ளை பிளீனத்தில் 8 மி.மீ. ஓட்டை போட்டு டியூபைச் சொருகுங்கள். எல்லா ஜோனையும் திறந்து ஃபேனை மட்டும் ஓட்டுங்கள். மீட்டர் 5 எம்.எம். (நீர்மட்ட உயரத்தில் சொல்லும் அழுத்தம்) காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் பைபாஸ் பிளேடு மூடியிருக்க வேண்டும். எடையைக் கையின் நுனிப் பக்கம் நகர்த்தினால் இறுகும், ஸ்பிண்டில் பக்கம் நகர்த்தினால் இளகும். பிளேடு இதோ திறக்கப்போகிறது என்ற இடத்தில் எடையை நிறுத்தி இறுக்குங்கள்.

இப்போது ஹாலை மட்டும் திறந்துவைத்து மற்றதை மூடுங்கள். பிளேடு திறந்து, அழுத்தம் 8-க்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் எடையைக் கொஞ்சம் இளக்குங்கள். ஹால் கிரில்லில் நாம் கணக்குப் போட்ட 1250 சி.எஃப்.எம். வராமல் காற்றெல்லாம் பைபாஸில் ஓடினால், ஹாலுக்கு அந்த அளவு கிடைக்கும் வரை கை டேம்பரை மூடிக்கொண்டே வாருங்கள். பிறகு அதைப் பூட்டி, நின்ற இடத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அறைகள் மட்டும் திறந்த நிலையிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, மீட்டர் ஓட்டையை ரப்பர் பிளக்கால் அடையுங்கள்.

அடுத்து கம்பிரசரைப் போட்டு, ஹால் மட்டும் திறந்தபடி அரை மணி நேரம் ஓட்டுங்கள். சப்ளை வெப்பநிலை ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் சரி. 10-க்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனால் பைபாஸில் காற்று அதிகம்.

படி 6: காயிலுக்குப் பாதுகாப்பு

இதை விட்டுவிட்டால் மற்ற வேலையெல்லாம் அரைகுறைதான். காயிலுக்கு அடுத்து சப்ளை டக்டில் ஒரு சென்சார் வையுங்கள். காற்று 7 டிகிரிக்கு இறங்கினால் கம்பிரசர் நிற்க வேண்டும், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், 12 டிகிரிக்கு ஏறியபின் கம்பிரசர் மீண்டும் கிளம்ப வேண்டும். நின்ற கம்பிரசர் உடனே கிளம்பாதபடி 3 முதல் 5 நிமிட டிலே டைமரும் போடுங்கள். கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் கம்பிரசரைக் காப்பாற்றுவதும் அந்த டைமர்தான். ஜோன் டேம்பர்கள் கரண்ட் போனால் திறந்துகொள்ளும் வகையாக இருப்பது நல்லது.

பின்னால் வரும் கோளாறுகள்

எல்லா அறையும் திறந்திருந்தும் எதுவும் குளிரவில்லை என்றால், பைபாஸ் பிளேடு திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பைபாஸ் குழாயைத் தொட்டால் தெரியும். கிரில் விசிலடித்தால் எடை இறுகியிருக்கிறது அல்லது ஸ்பிண்டில் துருப்பிடித்திருக்கிறது. பிளேடு படபடவென்று அடித்துக்கொண்டால் டேம்பர் ஃபேனுக்கு மிக அருகில் இருக்கிறது அல்லது எடை எல்லையிலேயே நிற்கிறது. ஐஸ் பிடித்தால் பைபாஸைக் குறை சொல்லும் முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடைத்த ஃபில்டரும் அதே வேலையைத்தான் செய்யும். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீலிங் கதவைத் திறந்து, எடைக் கையைக் கையால் தூக்கி விடுங்கள். தானாகத் திரும்பி விழாவிட்டால் புஷ்ஷில் சிலிக்கான் ஸ்பிரே அடித்து, மறுபடி தூக்கிப் பாருங்கள்.