காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் லாரி: புகையைப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள்

முந்தைய நாள் மாலை வரை நன்றாக ஓடிய லாரி, விடியற்காலையில் பலமுறை செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பலரும் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள், அதன்பின் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். டீசல் குழாய் இணைப்பை இறுக்கமாக மூடும் காப்பர் வாஷர் ஒன்று தேய்ந்ததுதான் காரணம் என்பது செலவெல்லாம் முடிந்த பிறகே தெரியவருகிறது.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் அழுத்திச் சூடேற்றிய காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டு, அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது. ஆகவே என்ஜின் போதிய வேகத்தில் சுற்றுகிறதா, டீசல் போய்ச் சேர்கிறதா என்ற இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

என்ஜின் மந்தமாகச் சுற்றினால் பேட்டரி பக்கம் பாருங்கள். 24 வோல்ட் லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்திருந்தாலும் செல்ஃப் திணறும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவத்தையும், சேஸிஸில் முடுக்கிய எர்த் கேபிளின் துருவையும் சுத்தம் செய்த பிறகே பேட்டரியைக் குறை சொல்ல வேண்டும்.

வேகமாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கியர் நியூட்ரலில் இருப்பதையும் ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதையும் உறுதிசெய்துகொண்டு, ஒருவரை சைலன்சர் அருகே நிற்கச் சொல்லிச் செல்ஃப் அடியுங்கள். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. டீசல் வாடையுடன் வெண்புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை.

புகை வராத வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது ஏர் பிடித்திருப்பதை, அதாவது டீசல் குழாயில் காற்று புகுந்திருப்பதைத்தான். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியானால், டீசல் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரை நுரையாக வரும் டீசல், குமிழியில்லாத தெளிந்த தாரையாக மாறியதும், அழுத்துவதை நிறுத்தாமலேயே ஸ்க்ரூவை முடுக்குங்கள். பிறகு பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள்.

வண்டி உடனே ஸ்டார்ட் ஆகி, மறுநாள் காலையில் மீண்டும் அதே தொல்லை கொடுத்தால், டேங்குக்கும், அதிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே எங்கோ காற்று நுழைகிறது. அந்தப் பகுதி உறிஞ்சும் பக்கம் என்பதால், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலும் காற்று உள்ளே போக முடியும். இரவில் டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே இறங்கிவிடும். ஃபீட் பம்புக்கு முன்னால் தற்காலிகமாக உள்ளே ஓடுவது தெரியும் ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டிப் பார்த்தால், ஓடும் குமிழிகள் கண்ணில் படும். இணைப்பைத் திறக்கும்போதெல்லாம் காப்பர் வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில், இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. அங்குள்ள அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். அந்தத் தாரை தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். அத்தகைய வண்டிகளில் ரெயில் பிரஷரை ஸ்கேனரில் பார்ப்பதும், ஒவ்வொரு இன்ஜெக்டரும் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்று அளப்பதுமே பாதுகாப்பான வழி.

எந்த வண்டியானாலும் ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள்; அடுத்த முயற்சிக்கு முன் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளே போகும் காற்றையோ சிலிண்டரையோ சூடேற்றும் ஹீட்டர் உள்ள என்ஜினில், எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரே அடித்தால் உள்ளே வெடிக்கக்கூடும்.

வெண்புகை தொடர்ந்து வந்து, பேட்டரியும் சரியாக இருந்தால், பிஸ்டன் காற்றைப் போதிய அளவு அழுத்துகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகி, சூடான பின் மட்டும் மறுக்கும் வண்டியில் பம்பின் உள்பாகங்கள் தேய்ந்து, சூட்டில் இளகிய டீசல் உள்ளேயே கசிந்துகொண்டிருக்கலாம். அதைச் சாலையோரத்தில் பிரிக்காமல் பம்ப் கேலிபரேஷன் கடைக்குக் கொண்டுபோங்கள்.