டிஜே மென்பொருளில் அலைவடிவம் திக்கித் திக்கி ஓடினால்

பாட்டு சரியாகவே ஒலிக்கிறது, திரையில் அலைவடிவம் (பாட்டின் ஒலியை வரைந்து காட்டும் ஓடும் படம்) மட்டும் விட்டுவிட்டு நகர்கிறதா? ஆடியோ பஃபரை (ஒலியை முன்கூட்டியே தயாராக வைக்கும் இடத்தை) கூட்டிப் பயனில்லை. சிக்கல் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் பக்கம்தான்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப், கணினியின் ரேமையே பங்குபோட்டுக்கொள்ளும். 8 ஜிபி ரேமில் டிஜே மென்பொருளோடு பத்து பிரவுசர் டேபும் திறந்திருந்தால் இரண்டுமே திணறும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) போய்ப் பாருங்கள். பகிர்வு நினைவகம் ஏறிக்கொண்டே போனால் முதலில் பிரவுசரை மூடுங்கள்.

இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸ் (எம்-ஐ-மூன்று எக்ஸ்) மென்பொருளில் பிரிஃபரன்ஸஸ், வேவ்ஃபார்ம்ஸ் பகுதியில் ஃபிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை படம் வரைவது என்பதை) 60-லிருந்து 30 ஆக்குங்கள். இரண்டு பாட்டின் தாளத்தை (பீட்) பொருத்த அதுவே தாராளம். 4கே திரையை 1920×1080-க்கு இறக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் நான்கில் ஒன்றாகிவிடும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால், விண்டோஸ் 11 செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய், அந்த மென்பொருளுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். சார்ஜரைச் செருகியே பாட்டு போடுங்கள். பேட்டரியில் பல லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வீடியோ மிக்ஸிங் தேவையில்லாத நிகழ்ச்சியில் அதை அணைத்தே வையுங்கள்.