கிளட்ச் பக்கம் சத்தமா? கியர்பாக்ஸை இறக்கும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள்

லோடு லாரியில் கேபினுக்கு அடியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், "கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்" என்பதுதான் பட்டறையில் முதலில் வரும் பேச்சு. இறக்கி ஏற்றுவதற்குள் ஒரு நாள் ஓட்டம் போய்விடும். பாகத்தைத் தவறாகக் கணித்திருந்தால் அதே சத்தத்தோடு வண்டி வெளியே வரும். கிளட்ச் பெடலையும் கியர் லீவரையும் வைத்தே, ஒரு போல்ட் கூடக் கழற்றாமல், எந்த பேரிங் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெடலின் ஒவ்வொரு நிலையிலும் சுற்றும் பாகங்கள் வேறு, நிற்கும் பாகங்கள் வேறு. அதுதான் இதற்கு அடிப்படை.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். தொப்பூர் மலைச்சாலை இறக்கத்திலோ கிருஷ்ணகிரி-ஓசூர் வழியில் உள்ள மேலுமலை ஏற்றத்திலோ ஓரம்கட்டி இதைச் செய்யவே கூடாது. பிரேக்குக்கான ஏர் முழுதாக ஏறியிருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சற்று ஓடிச் சூடான வண்டியாக இருந்தால் நல்லது. கியர் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை அது அமுக்கிவிடும். ஒருவர் கேபினில் உட்காரட்டும். இன்னொருவர் சேஸிஸ் பக்கவாட்டில் நின்று கேட்கட்டும். வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. தோளில் துண்டு, தொங்கும் லுங்கி எதுவும் வேண்டாம். ஃபேனும் ஜாயிண்டும் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் தண்டு) அதைப் பிடித்து இழுத்துவிடும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகக் கேட்கும்.

முதலில் நியூட்ரலில், பெடலில் கால் வைக்காமல், ஐடிலில் கேளுங்கள். இப்போது இன்ஜினின் சுழற்சியைக் கடத்தும் கிளட்ச் பிளேட், அதை வாங்கும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், அதோடு பல்லால் இணைந்த பக்கத் தண்டான லே ஷாஃப்ட் எல்லாம் சுற்றுகின்றன. இங்கே கேட்கும் சத்தம் பெடலை முழுதாக மிதித்து சில நொடிகளில் அடங்கிவிட்டால், கோளாறு கியர்பாக்ஸுக்குள்ளோ கிளட்ச் பிளேட்டிலோ இருக்கிறது. இரண்டையும் சத்தத்தின் குணத்தை வைத்துப் பிரிக்கலாம். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க 'ஊ...' என்று ஏறும் ஊளை அல்லது உறுமல் என்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் பேரிங். ஐடிலில் மட்டும் 'கடகட' என்று அடித்து, ஆர்.பி.எம். கொஞ்சம் ஏற்றியதும் மறைந்தால், கிளட்ச் பிளேட் நடுவில் இருக்கும் டேம்பர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், உடைந்திருக்கலாம். ஐடில் சரியாக இல்லாமல் இன்ஜின் குலுங்கினாலும் இதே கடகட வரும். அதனால் முதலில் ஐடிலைச் சரிசெய்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

அடுத்து, பெடலை மெல்லத் தொடுங்கள். பெடலின் வெற்று அசைவு (ஃப்ரீ பிளே) தீர்ந்து கால் லேசாகக் கனம் உணரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நொடியில் 'கிர்ர்' அல்லது 'கீச்' என்று தொடங்கி, இன்னும் மிதிக்க மிதிக்க அதிகமானால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இதுவரை சும்மா இருந்த பேரிங், கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை (நெம்புத் தகடுகளை) தொட்டதும் சுற்றத் தொடங்குகிறது. ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களைத் தொட்டே இருக்கும். அங்கே சத்தம் புதிதாகத் தொடங்காது, மிதிக்கும்போது அதன் சுருதி மாறும். கால் மேலே ஏறும்போது மட்டும் 'கீச்' வந்தால் பேரிங்கைக் குற்றம் சொல்லாதீர்கள். ஃபோர்க் பின், புஷ், பெடல் ஷாஃப்ட் ஆகியவை கிரீஸ் இல்லாமல் உலர்ந்திருக்கும்.

மூன்றாவது நிலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கால்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிளட்சை முழுதாக மிதித்து, சில நொடி பொறுத்து முதல் கியர் போடுங்கள். சக்கரம் நிற்பதால் இன்புட் ஷாஃப்டும் நிற்கிறது. இன்ஜினோடு சுற்றும் கனத்த சக்கரமான பிளைவீலும் அதோடு சேர்ந்தவையும் மட்டும் சுற்றுகின்றன. பிளைவீல் நடுவில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங்கில்தான் இப்போது உராய்வு முழுவதும். பெடல் கீழே இருக்கும்போது மட்டும் வரும் கீச்சும் அரைப்பும் பெரும்பாலும் இதுதான். ரிலீஸ் பேரிங்கும் இந்நிலையில் சுற்றுவதால் இரண்டாவது சோதனையோடு ஒப்பிட வேண்டும். லேசாகத் தொட்டபோது அமைதி, முழுதாக மிதித்துக் கியர் போட்டதும் சத்தம் என்றால் ஸ்பிகாட். அது இறுகிவிட்டால் இன்புட் ஷாஃப்டையும் சேர்த்துச் சுற்றிவிடும்; கியர் 'கர்ர்' என்று உரசித்தான் விழும். இதைப் பார்த்து, கியரை உரசாமல் விழவைக்கும் சிங்க்ரோ போய்விட்டது என்று கியர்பாக்ஸைப் பிரிப்பது வீண் செலவு.

நிற்கும்போது அமைதி, ஓடும்போது மட்டும் சத்தம் என்றால் நேரான, ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் ஒவ்வொரு கியரிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கியரில் சத்தம் என்றால் அந்தக் கியரின் பல் அல்லது நீடில் பேரிங். எல்லா கியரிலும் கேட்டு, டைரக்ட் கியரில் (இன்புட் ஷாஃப்ட் நேராகவே வெளித்தண்டோடு சேரும் கியர்) மட்டும் அடங்கினால் லே ஷாஃப்ட். டைரக்ட் கியரில் அதன் மேல் பாரம் விழுவதில்லை. கியர் எதுவானாலும் வண்டியின் வேகத்தைப் பொறுத்தே சத்தம் மாறினால் ஜாயிண்டின் கிராஸ், அதன் சென்டர் பேரிங், பின் ஆக்ஸிலின் கிரவுன் பினியன் ஆகியவற்றைப் பாருங்கள். வண்டி கிளம்பும்போது ஒரே ஒரு 'டங்' அடிப்பது கிராஸ் தேய்ந்ததற்கு அடையாளம்.

கியர்பாக்ஸ்தான் என்று சந்தேகம் விழுந்தால் முதலில் ஆயில் லெவல். சமதரையில் ஃபில்லர் பிளக்கைக் கழற்றினால் துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் ஊளை அதனால்தானா என்று ஊற்றிப் பார்க்கலாம். எந்த கிரேடு என்பதைக் கம்பெனி கையேட்டில் பாருங்கள். பின் ஆக்ஸிலுக்கு வாங்கியதையே கியர்பாக்ஸிலும் ஊற்றாதீர்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை ஒட்டியிருப்பது இயல்பு. விரலில் தேய்க்கும்போது செதில் தட்டுப்பட்டால் பேரிங் உரிகிறது; மஞ்சள் பொடி மின்னினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது.

ரிலீஸ் பேரிங் அடிக்கடி போகிற வண்டியில் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர் ஏறும்போது நெரிசலில் வண்டியை அரை கிளட்சில் பிடித்து நிறுத்துவது அதன் ஆயுளைத் தின்கிறது. பிளேட்டும் கூடவே எரிகிறது. ஏற்றத்தில் நின்றால் பிரேக்கில் நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இறக்கத்தில் இன்னொரு ஆபத்து. சின்ன கியரைப் போட்டுவிட்டு கிளட்சை மிதித்தபடியே வண்டியை உருள விடுவது. சக்கரங்கள் கியர் வழியாக கிளட்ச் பிளேட்டை இன்ஜினின் உச்ச ஆர்.பி.எம்.மையும் தாண்டிச் சுற்றிவிடும். பிளேட்டின் உராய்வுப் பட்டையான லைனிங் பிய்ந்து பெல் ஹவுசிங்குக்குள் சிதறும். அதன்பின் இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. தொப்பூரில் அதைவிடக் கொடுமை வேறில்லை.

இறக்குவது என்று முடிவானால் ரிலீஸ் பேரிங்கோடு ஸ்பிகாட் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். விலை சின்னது, வேலை பெரியது. புது ரிலீஸ் பேரிங்கை டீசலில் கழுவக் கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். பிளைவீல் முகத்தில் நீலத் திட்டோ வெடிப்போ இருக்கிறதா, பிரஷர் பிளேட் விரல்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்புட் ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் பூச்சு போலத்தான் இருக்க வேண்டும். அதிகமானால் தெறித்து லைனிங்கில் ஏறும். பிளேட்டை டம்மி ஷாஃப்ட் (இன்புட் ஷாஃப்ட் போன்ற மாதிரித் தண்டு) வைத்து நடுவாக்கி, பிரஷர் பிளேட் போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஏற்றும்போது கியர்பாக்ஸின் எடை ஒரு நிமிடம்கூடப் பிளேட்டில் தொங்கக் கூடாது. ஹப் வளைந்தால் புது கிளட்சிலேயே அதிர்வு வரும்.

குவாரியில் ஓடும் பேக்ஹோ, லோடர்களில் கிளட்ச் பெடலுக்குப் பதில், ஆயில் வழியாக இன்ஜின் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். அங்கே நியூட்ரல், கியர் இரண்டிலும் ஆர்.பி.எம்.மோடு ஏறும் ஊளை பெரும்பாலும் ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப். பிரேக்கில் பிடித்துக் கியர் போட்டால் மட்டும் சத்தம் என்றால் கன்வெர்ட்டரின் உள் பேரிங். 'டக் டக்' என்று தட்டினால், கன்வெர்ட்டரை இன்ஜினோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் வெடிப்பு, அல்லது அதன் போல்ட் தளர்வு.

புது கிளட்ச் போட்ட வண்டியில், மெக்கானிக்கல் லிங்கேஜ் என்றால், முதல் சில லோடுகள் முடிந்ததும் ஃப்ரீ பிளேயைத் திரும்ப அளந்து கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். லைனிங் படியப் படிய அந்த இடைவெளி குறையும். அது தீர்ந்துபோனால் புது ரிலீஸ் பேரிங்கும் ஓய்வில்லாமல் சுற்றும், கிளட்சும் நழுவும்.