சூசைட் இரட்டையரின் முதல் ஆல்பம்: கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம் 2010இல் வெளியிட்ட 'பார்ன் ஃப்ரீ' பாட்டில் விடாமல் உறுமிக்கொண்டே வரும் அந்த ஆர்கன் (கீபோர்டு மாதிரியான கருவி) அவருடையது இல்லை. அது 1977இல் நியூயார்க்கில் பதிவானது. ஆலன் வேகா பாட, மார்ட்டின் ரெவ் வாசிக்க, 'சூசைட்' என்ற இரண்டு பேர் குழு போட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, 'கோஸ்ட் ரைடர்'. இதைத் தேடிப் போகிறவர்களில் நிறையப் பேர் பாதியிலேயே ஓடிவந்துவிடுகிறார்கள். ஆல்பத்தைக் கேட்கும் முன்பே அதைப் பற்றிய பயமுறுத்தல்களைக் கேட்டுவிடுவதுதான் அதற்குக் காரணம்.

எல்லாரும் முதலில் சொல்வது 'ஃப்ராங்கி டியர்டிராப்' பற்றித்தான். "தனியா, இருட்டுல, ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாரு" என்று சவால் வேறு. அதில் தொடங்காதீர்கள். வறுமை நெருக்க, சொந்தக் குடும்பத்தையே கொன்று தன்னையும் மாய்த்துக்கொள்ளும் இருபது வயது ஆலைத் தொழிலாளியின் கதை அது. பத்தரை நிமிடம் ஓடுகிறது. மொத்த ஆல்பமே சுமார் 32 நிமிடம்தான். கீழே இயந்திரத் துடிப்பு ஒரே சீராகப் போக, வேகா கிட்டத்தட்ட முணுமுணுப்பாகவே பாடிக்கொண்டு வருவார், திடீரென்று அலறல். அந்த அலறல் சவாலுக்காக வைத்தது அல்ல. ஃப்ராங்கி யார் என்று தெரிந்த பிறகு கேட்டால் பயத்தைவிடத் துக்கம்தான் மிஞ்சும். அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் தன் 'நெப்ராஸ்கா' (1982) ஆல்பத்தின் 'ஸ்டேட் ட்ரூப்பர்' பாட்டில் இந்தப் பாணியைத்தான் எடுத்துக்கொண்டார். மனசு சரியில்லாத நாளில் இதைத் தொடவே வேண்டாம், அது வேறு விஷயம்.

இசைத்தட்டின் வரிசைப்படியே கேளுங்கள். முதல் பக்கத்தில் ஐந்து சிறு பாட்டுகள், மறுபக்கத்தில்தான் ஃப்ராங்கியும் 'சே'யும். மூன்றாவதாக வரும் 'ஷெரி' மணியொலி மாதிரி மினுங்குகிற, கிசுகிசுப்பான காதல் பாட்டு. இந்தக் குழுவுக்குச் சத்தம் போட மட்டும்தான் தெரியும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டதில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, கிட்டாரையும் டிரம்ஸையும் எதிர்பார்த்துக் காத்திருப்பது. இரண்டுமே வராது. வீட்டில் ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் துணைத்தாளம் போடுவதற்காக வந்த 'சீபர்க் ரிதம் பிரின்ஸ்' என்ற பெட்டிதான் தாளம். ரெவ் கையில் ஒரு ஃபார்ஃபிசா ஆர்கன், அதன் ஒலியைச் சிதைக்கச் சில எஃபெக்ட் பெட்டிகள். அவ்வளவுதான். 'கோஸ்ட் ரைடர்' முழுக்க அதே சிறு சுற்று திரும்பத் திரும்ப வருகிறது. "எப்போது மாறும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அதற்கு மேல் வேகாவின் குரல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்: விக்கல் மாதிரி வெட்டி வெட்டி, எதிரொலியில் நனைந்து, அப்படியே எல்விஸ் பிரெஸ்லி காலத்துப் பாணி! ராக் அண்ட் ரோலை உடைத்துப்போட வந்த ஆல்பம் என்று எழுதுவார்கள். எனக்கென்னவோ இது ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோலை எலும்பு வரை சுரண்டி எடுத்ததாகத்தான் படுகிறது. அந்த எதிரொலியில் தயாரிப்பாளர் கிரெய்க் லியோனின் பங்கும் பெரியது. நியூயார்க் பங்க் குழுவான ரமோன்ஸின் முதல் ஆல்பத்தைத் தயாரித்த அதே ஆள்தான். போன் ஸ்பீக்கரில் கேட்டால் இதில் பாதி காணாமல் போய்விடும்.

'முதல் ஆல்பம்' என்றதும் கத்துக்குட்டிகள் என்று எண்ணுவதும் தப்பு. இவர்கள் 1970 முதலே மேடையேறியவர்கள். வேகமும் முரட்டுத்தனமுமான ராக் இசைக்குப் பங்க் என்ற பெயர் பரவுவதற்குப் பல வருடம் முன்பே தங்கள் நோட்டீஸில் அந்தச் சொல்லைப் போட்டவர்கள். ரெவ் ஜாஸ் வழி வந்தவர். வேகா பிறந்தது 1938இல், அதாவது தட்டு வெளிவரும்போது அவருக்கு 39 வயது. (பத்து வயதைக் குறைத்துச் சொல்லியே ரொம்ப காலம் ஓட்டினார் மனிதர்.)

சில மறுபதிப்புகளில் பிரஸ்ஸல்ஸ் கச்சேரிப் பதிவும் சேர்ந்தே வரும். 1978 ஜூன் 16 அன்று ஆங்கிலேயப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் நிகழ்ச்சிக்கு முன் இவர்கள் ஏறியபோது கூட்டம் கூச்சலிட்டது, மைக்கைப் பிடுங்கியது. 23 நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சுவாரசியமான ஆவணம்தான், ஆனால் அது ஆல்பத்தின் பகுதி அல்ல. 'சே' முடிந்ததும் நிறுத்திவிட்டு, அதை இன்னொரு நாள் கேட்கலாம்.

வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 1980இல் ரிக் ஒகாசெக் தயாரிப்பில் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கும் குழுவின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒலி அதில் ரொம்பவே வழவழப்பு. அப்புறம், இவர்களின் 'ட்ரீம் பேபி ட்ரீம்' பாட்டு எங்கே என்று 1977 ஆல்பத்தில் தேட வேண்டாம். அது 1979இல் தனியாக வந்த சிங்கிள்.